ரிலீவர் வராத ஷிப்ட்

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்லூரி விடுமுறையில் நெய்வேலி குவார்ட்டர்ஸில் வெட்டியாகக் கிடந்த நாங்கள் ஆறு பேர் சேவையில் குதித்தோம். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்திருக்கும் குழந்தைகளுக்குத் துணையிருப்பது எங்கள் திட்டம். ஒரு குழந்தையைக்கூடப் பார்ப்பதற்கு முன்பே எங்கள் குழுவின் பெயரில் ரப்பர் ஸ்டாம்ப் செய்தாகிவிட்டது. சுரங்கத்து ஊர் அல்லவா, நோட்டுப் போட்டு ஷிப்டும் பிரித்துக்கொண்டோம்.

என் முதல் ஷிப்டில், ரத்தப் புற்றுநோயோடு படுத்திருந்த எட்டு வயதுப் பெண்ணின் அம்மாவுக்கு மனதைரியம் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். இருந்த ஒரே ஸ்டூலை எனக்குக் கொடுத்துவிட்டு, அவர் நின்றுகொண்டே கேட்டார்.

பிறகு, "கொஞ்சம் பாத்துக்கினு இருங்க தம்பி, வூட்டுக்குப் போயி குளிச்சிட்டு வந்துடறேன். மூணு நாளாச்சு" என்றார். தாராளமாகத் தலையாட்டினேன்.

ஆறு மணிக்கு என் ஷிப்ட் முடிந்தது. அடுத்து வரவேண்டிய நண்பன் வரவில்லை. அம்மாவும் இன்னும் திரும்பவில்லை. ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே. எழுந்தேன்.

"எங்க போறீங்கண்ணா?"

"ஷிப்ட் முடிஞ்சிடுச்சு பாப்பா."

"ரிலீவர் வரலையே? ரிலீவர் வராம எங்கப்பா மிஷின வுட்டு எறங்கவே மாட்டாரு."

பெரிய மனிதனாகச் சிரித்து, அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நோட்டை மடியில் விரித்து, என் ஷிப்டுக்கு நேரே கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்ப்பையும் குத்தினேன். அதில் இருந்தவை இரண்டே வார்த்தைகள்: என்றும் துணை.