வெள்ளைத் துணியில் ரத்தக்கறை

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது. அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன்; இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அந்த வாரம் முழுக்க வெள்ளை நிறக் குழந்தை உடுப்புகள். தைத்து வருவதைச் சரிபார்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டி, பேக்கிங்குக்கு அனுப்புவது எங்கள் வேலை.

ஒரு காலையில் பேக்கிங்கிலிருந்து மூன்று பீஸ் திரும்பி வந்தன. மூன்றிலும் கீழ் மடிப்புத் தையலின் ஓரத்தில் கடுகளவு ரத்தக்கறை. அந்த மடிப்பைத் தைப்பவர் பீகாரிலிருந்து வந்த பெண், முப்பது வயதிருக்கும். போய்ப் பார்த்தால் அவருடைய ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"கையில ஊசி ஏறுனா சொல்ல மாட்டியா? அந்தக் கையோட வெள்ளைத் துணியைத் தொடுவியா?" என்று தையல் லைன் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டேன். அவர் பிளாஸ்திரியைப் பிரித்துக் காட்ட வந்தார். நான் பார்க்கவில்லை. மேனேஜர் என்னிடம் மட்டும் விசாரித்துவிட்டு, "அந்தப் புள்ளய ஊட்டுக்குப் போகச் சொல்லுங்க. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு தலைகுனிந்தபடி போனார்.

மறுநாளும் கறையோடு இரண்டு பீஸ் வந்தன. நேற்றுத் தைத்ததாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மதியம் அந்தப் பெண் மறுபடி வேலை கேட்டு வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். லோடு கிளம்பும் அவசரத்தில் நானும் பிசிறு எடுத்துக்கொண்டிருந்தேன். கத்தரியைத் தேடச் சோம்பல்பட்டு, எப்போதும்போல நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். அவர் சட்டென்று கை நீட்டி அந்தத் துணியை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார். ஈரம் காயாத சிவப்புப் புள்ளி.

"என் கை இல்லே அக்கா. உங்க வாய்."

நாக்கால் துழாவினேன். உப்புக் கரித்தது. நான் வாய் திறப்பதற்குள் அவரே கேட்டார், "வலிக்குதா?"

கூசிப்போனேன். முந்தின நாள் அவருடைய விரலைப் பார்த்து நான் கேட்காத கேள்வி அது.

மேனேஜரைக் கூப்பிட்டு, சத்தம் போட்ட அதே இடத்தில் நின்று சொன்னேன்: "தப்பு என்னுதுங்க. ரத்தம் என்ற பல்லுல இருந்து வந்ததுங்க." லைனில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேனேஜர் அந்தப் பெண்ணிடம், "போயி உக்காரும்மா" என்றார்.

உண்மையில் பல் துலக்கும்போது ரத்தம் வருவது ஒரு வருடமாக இருந்தது. உடம்புச் சூடு என்று நினைத்து, ரத்தம் வரும் பக்கம் துலக்குவதையே விட்டிருந்தேன். வாய் நாற்றத்துக்கு ஏலக்காய். வலி இல்லாததால் டாக்டர் நினைப்பே வரவில்லை.

அந்த வார விடுமுறையில் திருப்பூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். "ஈறு நோய் முத்திப் போச்சுங்க. வலிக்காததாலதான் எல்லாரும் லேட்டா வர்றாங்க" என்றார்.

"கிளீன் பண்ணுனா பல்லு ஆட்டம் கண்டுரும்னு சொல்றாங்களேங்க?"

"இல்லீங்க. ஏற்கெனவே ஆடுற பல்லை, அதைச் சுத்திப் படிஞ்ச கறைக்கல்லு புடிச்சு நிறுத்தியிருக்குது. அந்தக் கல்லு இருக்கிற வரைக்கும் உள்ளார எலும்பு கரைஞ்சுட்டேதான் இருக்கும்."

ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். எனக்கே தெரியாமல் சர்க்கரை ஏறியிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, நாலு தடவை வரவழைத்து, ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தார். கீழ்ப்பல் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. ரத்தம் வந்தாலும் அந்த இடத்தை விடாமல் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னார். சில வாரங்களில் ரத்தம் நின்றது. சர்க்கரைக்கு மாத்திரை தொடர்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வருகிறேன்.

அந்தப் பெண் இன்றும் எங்கள் லைனில்தான் தைக்கிறார்; என்மேல் கோபம் காட்டியதே இல்லை. என் உடம்பு ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்காததற்கு, தப்பே செய்யாத ஒருத்தி அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வேண்டி வந்ததே என்பதுதான், ஒரு பல் போனதைவிட அதிகமாக இன்றும் என்னை உறுத்துகிறது.