நான் கேட்டது எலும்பை, அல்லாஹ் எடுத்தது சப்பாத்தை

வலது காலின் பெருவிரல் அடியில் எலும்பு புடைத்துவிட்டது. இதற்காக ஒரு மனிதன் அல்லாஹ்விடம் அழுவானா என்று நீங்கள் நினைக்கலாம். நான் அழுதேன். ஏன் அழுதேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மூத்த காக்கா, எங்கள் பெரிய அண்ணன், சீனி வருத்தம் என்னும் சர்க்கரை நோயால் காலை இழந்தவர். முதலில் ஒரு விரல் போனது. பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம். அவரை மையவாடியில் அடக்கிவிட்டு வந்த மறுவாரம், எனக்கும் சீனி இருப்பதாக இரத்தப் பரிசோதனை சொன்னது. அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. நில அளவையாளர் வேலையில் இருந்து ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

அன்று ஓடத் தொடங்கியவன்தான். சாய்ந்தமருதில் எங்கள் பள்ளியில் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு, பள்ளி வாசலிலேயே சப்பாத்து வாரை இறுக்கிக் கட்டி, கடற்கரை வீதியால் காரைதீவு எல்லை வரை ஓடித் திரும்புவேன். வழியில் எத்தனை மின்கம்பம் என்று கேட்டால் இப்போதும் சொல்லுவேன். எண்ணுவது எனக்குப் பழக்கம், அதை விட முடியவில்லை. பதினொரு வருடம் அந்த ஓட்டம்தான் என் சீனியைக் கட்டி வைத்திருந்தது. ஓட்டம் நின்றால் காக்கா போன வழியில் நானும் போவேன். என் பயம் அதுதான்.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு வலி தொடங்கியது. முதலில் ஓடும்போது மட்டும். பிறகு நடக்கும்போதும். பிறகு தொழுகையில். அத்தஹிய்யாத் இருப்பில் வலது பாதத்தை நிறுத்தி விரல்களை மடித்து உட்கார வேண்டுமே, அந்த நேரம் ஆணி அடித்த மாதிரி இருக்கும். ஓத வேண்டியது மறந்துபோகும். கடைசியில் பள்ளியில் எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். ஓடிக் கொண்டிருந்தவன் கதிரையில் உட்கார்ந்து தொழுதேன்.

டொக்டரிடம் போனேன். அவர் காலைப் பார்த்துவிட்டு, "இது பனியன்" என்றார்.

கூட வந்த என் மனைவி ஸுலைஹா திடுக்கிட்டுப் போனாள். "கால்லயா டொக்டர் பெனியன்?"

டொக்டர் சிரித்துவிட்டு, அந்தப் புடைப்புக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர் என்று விளங்கப்படுத்தினார். வெட்டிச் சரிசெய்யலாமாம். ஆனால் சீனி இருப்பதால் புண் ஆற நாளெடுக்குமாம். அதுவரை ஓட வேண்டாமாம். "சப்பாத்து இறுக்கமா இருக்கா?" என்றும் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ட அளவு எட்டு டொக்டர். வேலைக்குச் சேர்ந்த நாளில இருந்து எட்டு. அளவு விசயத்தில நான் பிழைக்க மாட்டன்."

பெனியன் கதை ஸுலைஹா வாயால் ஊருக்குப் பரவியது. "சேவயர் காக்கா காலுக்குப் பெனியன் போட்டிருக்காராம்" என்று தேநீர்க் கடையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வலி எனக்கல்லவா.

கத்திக்கு நான் சம்மதிக்கவில்லை, துஆவில் இறங்கினேன். ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டேன். யா அல்லாஹ், வலது பெருவிரல் அடியில் உள்ள எலும்பைக் கரைத்துவிடு, றமழானுக்கு முன் கரைத்துவிடு. றமழான் வந்தது. எலும்பு அப்படியே இருந்தது. ஓட்டம் இல்லாமல் சீனி ஏறியது. நோன்பு நடுவில், புடைப்பின் மேல் தோல் உரிந்து சிறிய புண் ஒன்று வந்தது. அதைப் பார்த்த கணம் காக்காவின் கால் என் கண்ணுக்கு முன் வந்து நின்றது.

"அல்லாஹ் என்ட துஆவக் கேக்கல்ல புள்ள" என்று ஸுலைஹாவிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அஸ்தக்ஃபிருல்லாஹ் என்றும் சொன்னேன். ஆனால் வாய் சொல்லிவிட்டது.

அவள் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்க கேக்கிறது துஆவா? அரசாங்கக் கந்தோருக்கு எழுதுற கடிதம். இன்ன எலும்ப, இன்ன நாளைக்குள்ள, இன்ன மாதிரி எடுக்க வேணும் எண்டு. படைச்ச ரப்புக்கு நீங்களா வேலை படிச்சுக் குடுக்கிற? லேசாக்கித் தா எண்டு மட்டும் கேட்டுப் பாருங்க."

எனக்குச் சுட்டது. அன்று இரவு இஷாத் தொழுகையில் இருந்து அப்படியே கேட்டேன். யா அல்லாஹ், எனக்கு லேசாக்கித் தா. நான் ஓட வேண்டும். வழி உன்னுடையது.

நோன்புப் பெருநாள் முடிந்து, அதன்பின் பிடிக்கும் ஆறு சுன்னத் நோன்பும் பிடித்து முடித்த வாரம். வெள்ளிக்கிழமை சுபஹ். புண் ஓரளவு காய்ந்திருந்தது. நான்கு மின்கம்பமாவது நடந்து பார்ப்போம் என்று ஓட்டச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அன்று கரண்ட் இல்லை. பள்ளியில் மார்க்கப் பணிக்கு ஊர் ஊராகப் போகும் வெளியூர் ஜமாஅத் ஒன்று தங்கியிருந்தது. தொழுது, ஓதி முடித்து வெளியே வந்தால் என் சப்பாத்தைக் காணவில்லை.

பாங்கு சொல்லும் மோதினாரைக் கூப்பிட்டேன். அவர் டோர்ச் அடித்துக் காட்டினார். "இந்தா நிக்கிது காக்கா. கறுப்பு, வெள்ளக் கோடு. இதானே உங்கட?"

"இது என்ட இல்ல. என்ட வாரில மூண்டு முடிச்சுப் போட்டிருக்கன்."

"அப்ப ஜமாஅத் ஆக்கள்தான் மாறிப் போட்டுட்டாங்க. தொழுத உடன வேனில ஏறிட்டாங்க. ஒலுவில் பள்ளிக்கு."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. பள்ளி வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி கதைத்தேன். வலிக்கு மேல் வலி, அதற்கு மேல் சப்பாத்தும் போய்விட்டது. லேசாக்கித் தா என்று கேட்டதற்கு இதுவா பதில்? வெறுங்காலோடு படியிறங்கினேன்.

மோதினார் விடவில்லை. "சீனிக்காரன் நீங்க, இந்தக் கல்லில வெறுங்காலோட போக ஏலுமா? இதப் போட்டுட்டுப் போங்க. வீட்டுல கழட்டி வைங்க. ஆளத் தேடுவம்."

முணுமுணுத்துக்கொண்டே போட்டேன். முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் உணர்ந்தேன். வலி இல்லை. விரலை அசைத்துப் பார்த்தேன். அசைந்தது. அசைக்க இடம் இருந்தது.

கழற்றி உள்ளே பார்த்தேன். பத்து என்று இருந்தது.

ஸுலைஹா பழைய பேப்பரை விரித்தாள். அதன் மேல் என்னை நிற்க வைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். வீட்டில் கிடந்த என் பழைய சப்பாத்தைக் கோட்டின் மேல் வைத்தோம். இரண்டு பக்கமும் கோடு வெளியே நின்றது. பெருவிரல் பக்கம் கூடுதலாக. வயது ஏற ஏறப் பாதம் அகலமாகும் என்பது எனக்குத் தெரியவே இல்லை.

"ஊர்ர காணியெல்லாம் அளந்தீங்க" என்றாள். "உங்கட காலுக்கு நீங்க போட்ட எல்லக்கல்லப் பாருங்க."

நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்று அழுகை வந்தது. நான் எலும்பை எடு என்று மாதக்கணக்கில் கேட்டேன். அவன் சப்பாத்தை எடுத்தான்.

ஆனால் வந்த சப்பாத்து என்னுடையதல்ல. மறுநாள் சுபஹுக்குப் பின் அது வாசலில் இருந்து என்னைப் பார்த்தது. புண் காய்ந்து வருகிறது, கடற்காற்று அடிக்கிறது, கால் ஓடக் கேட்கிறது. ஒரே ஒரு தடவை ஓடினால் யாருக்குத் தெரியும்? அல்லாஹ்வுக்குத் தெரியும். அடுத்தவரின் அமானிதத்தைப் போட்டுக்கொண்டு ஓடி எடுக்கும் சுகம் எனக்கு வேண்டாம் என்று தீர்மானித்தேன். சப்பாத்தைத் துடைத்துப் பையில் போட்டேன். றப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறி, ஒலுவில் சந்தியில் இறங்கினேன்.

ஜமாஅத் பள்ளியில்தான் இருந்தது. விசாரித்தபோது ஆள் எழுந்து வந்தார். புத்தளம் பக்கத்து லொறிச் சாரதி, மலை மாதிரி உடம்பு. நொண்டிக்கொண்டு வந்தார். பையில் இருந்ததைக் கண்டதும் தலையில் கை வைத்தார்.

"யா அல்லாஹ்! நேத்தில இருந்து கால் வலியில போகுது ஹாஜியார். கடல் தண்ணி பட்டுச் சுருங்கிட்டுதெண்டு நெனச்சி, வெயில்ல காயவெச்சிருக்கன்!"

ஜமாஅத்தே சிரித்தது. நான் ஒன்று மட்டும் கேட்டேன். "பள்ளியில இருந்து வீடு வரைக்கும் இதப் போட்டு நடந்துட்டன் தம்பி. பொறுத்து ஹலாலாக்கிப் போடுங்க." என் காலின் கதையையும் சொன்னேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். சப்பாத்தை என் பக்கம் தள்ளினார். "நீங்களே வெச்சிக்கங்க."

"உங்களுக்கு வேற இருக்கா?"

"செருப்பு வாங்கலாம்."

"அப்ப வேணாம். எனக்குத் தேவைப்பட்டது உங்கட சப்பாத்தில்ல. அதுக்குள்ள இருந்த இலக்கம். அது கிடைச்சிட்டு."

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ளுஹர் தொழுதோம், அவர் என் பக்கத்தில் நின்றார். தொழுகைக்குப் பின் எனக்காகச் சத்தமாகத் துஆக் கேட்டார். ஊர் பெயர் தெரியாத எத்தனை பேர் ஆமீன் சொன்னார்கள் என்று நான் எண்ணவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்டது அதுதான்.

அதே பஸ் வழியில் கல்முனை பஸாருக்குப் போனேன். என்னை அறிந்த கடைக்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டே, "எட்டுத்தானே சேர்?" என்றார். "பத்து" என்றேன். "முன்பக்கம் அகலமானது."

இன்று அந்தப் புடைப்பு மறைந்துவிட்டது என்று சொன்னால் பொய் சொன்னவனாவேன். எலும்பு அப்படியே இருக்கிறது. குளிர் நாளில் வலிக்கவும் செய்யும். ஆனால் ஓடுகிறேன். முதல் நாள் பத்து மின்கம்பம், பிறகு இருபது, இப்போது காரைதீவு எல்லை. புண் முழுதாக ஆறிவிட்டது. சீனி இறங்கியது. டொக்டர் காலையும் சப்பாத்தையும் பார்த்துவிட்டு, வலித்தால் நின்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஓடச் சொன்னார். பள்ளியில் எனக்குப் போட்ட கதிரையை நானே தூக்கிக்கொண்டு போய் மூலையில் வைத்தேன். அன்று அத்தஹிய்யாத்தில் விரல்களை மடித்து உட்கார்ந்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரர்களே, சகோதரிகளே, உங்களில் யாருக்காவது கேட்டது கிடைக்கவில்லை என்ற கவலை இருக்கும். கேட்பதை விட்டுவிடாதீர்கள். ஆனால் பதில் இந்த வழியால்தான் வர வேண்டும் என்று அவனுக்கு எல்லை போடாதீர்கள். ஒருநாள் பள்ளியை விட்டு வெளியே வந்து உங்கள் செருப்பைக் காணாவிட்டால், ஏசுவதற்கு முன் கொஞ்சம் நின்று பாருங்கள். பிறகு உரியவரைத் தேடிப் போங்கள்.