கும்மிக்கு ஓடிய பவுனு

பவுனம்மாள் பிறந்தது காய்கறித் தோட்டம் போட்டிருந்த ஒரு சீனர் வீட்டில். பெண்ணுக்குமேல் பெண்ணாகப் பெற்று ஓய்ந்துபோன அந்தத் தாய், பிள்ளையில்லாத நல்லம்மாளின் மடியில் குழந்தையைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே போய்விட்டாள். பிள்ளை பவுன் நிறமாக இருந்ததால் அதுவே பெயராயிற்று. மொட்டை, காதுகுத்து, தீபாவளிக்குப் புதுப் பாவாடை என்று எதிலும் குறையில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் யாரும் அவளைச் சீனத்தி என்று சொன்னதில்லை. சொல்லிவிட்டு நல்லம்மாள் வாயிலிருந்து தப்ப முடியுமா என்ன?

பவுனுக்குக் கணக்கு சுட்டுப்போட்டாலும் வராது. கும்மி என்றால் மட்டும் எங்கிருந்துதான் அந்தத் தொண்டை வருமோ! முன்பாட்டு அவள்தான். அவள் அடி எடுத்துக் கொடுத்தால்தான் லயத்துப் பெண்களுக்குக் கை தட்ட வரும்.

அந்த ஆண்டு பெண்கள் பள்ளியில் ஆண்டு விழா. துரைசானி ஒருவர் தலைமை தாங்க வருகிறாராம். பினாங்கிலிருந்து புதிதாக வந்திருந்த மகதலேனா டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கும்மி, சீனப் பிள்ளைகளுக்கு விசிறி ஆட்டம் என்று முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தார். பவுனைப் பிடித்து விசிறிக் கூட்டத்தில் நிறுத்தினார்.

"டீச்சர், நான் கும்மி..."

"நீ சீனப் பிள்ளைதானே? அவங்கவங்க கூட்டத்தோட ஆடினாத்தான் நம்ம ஸ்கூல்ல எல்லாரும் இருக்கோம்னு வர்றவங்களுக்குத் தெரியும்."

நல்ல மனுஷிதான். ஆனால் நல்ல மனசோடு செய்கிற தப்பைத் திருத்துவதுதான் பெரும்பாடு.

விசிறிக் கூட்டத்துக்குத் தலைவி சியூ லான். கடைத்தெருவில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். அவள் கூட்டத்துப் பெண்கள் சீனத்தில் பேசப் பேச, பவுனு திருதிருவென்று விழித்தாள். கால் வேறு கும்மிக்கே போயிற்று.

"டீச்சர், இவ ஆடுறாளா, அடுப்பு விசிறுறாளா லா?" என்று சியூ லான் விழுந்து விழுந்து சிரித்தாள். பவுனுக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போனதும் அழுகைதான் வந்தது.

"நீ வந்து டீச்சர்கிட்ட சொல்லும்மா, நான் உன் மவதான்னு."

ஊரையே வாயால் கட்டி ஆளும் நல்லம்மாள் அன்று மட்டும் டீச்சரிடம் போய்ப் பேசத் தயங்கினாள். படித்தவர்களே 'இவள் சீனப் பிள்ளை' என்று சொல்லிவிட்டால், நாளைக்குப் பெற்றவள் வந்து கேட்டால் என்ன செய்வது? அந்தப் பயம் அவளுக்கு. "ஆடேன்டி, அதுவும் உன் சனம்தானே" என்று மெல்லச் சொன்னாள். பவுனுக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. அம்மாவே கைவிட்டுவிட்டாளே!

விழா நாளும் வந்தது. கொட்டகையில் எள் விழ இடமில்லை. கும்மிக் கூட்டம் மேடை ஏறியது. பவுனுக்குப் பதிலாக நின்ற இராஜம்மா வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது. வட்டம் சுற்றாமல் நின்றது. பட்டுச் சட்டையும் காற்சட்டையுமாக ஓரத்தில் நின்ற பவுனுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. சியூ லான் அவள் கையிலிருந்த விசிறியை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"போடி!"

ஓடினாள் பவுனு. நடுவட்டத்தில் நின்று முதல் அடியை எடுத்தாள் பாருங்கள், கொட்டகையே குலுங்கியது! இராஜம்மாவுக்கும் குரல் திரும்பியது. பாட்டு ஏற ஏறக் கைகளும் சுழன்றன. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. ஓரத்திலே சியூ லானும் இரண்டு விசிறிகளை வைத்துத் தாளம் போட்டாள்.

பாட்டு முடிந்ததும் துரைசானி டீச்சரிடம், இது யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். டீச்சர் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "இந்தப் பிள்ளையோட அம்மா வந்திருக்காங்களா?"

லயத்தார் தவிர எல்லாரும் சீனத் தாய்மார் இருந்த பக்கமே திரும்பினார்கள். அவர்களோ ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு குனிந்திருந்த நல்லம்மாளையே பார்த்தாள் பவுனு.

நல்லம்மாள் எழுந்தாள். முக்காடு நழுவியது.

"நான்தாங்க! எம் மவ! எவ வந்து கேட்டாலும் எம் மவதான்!"

துரைசானிக்கு வணக்கம் சொல்ல வேண்டிய பவுனு மேடையிலிருந்து குதித்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி, அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னொருவாட்டி சொல்லும்மா!"