லாட் பிரித்துப் போட்ட வாசல்

கல்யாணப் பேச்சின்போது என் வீட்டார் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். பெண் தொடர்ந்து வேலைக்குப் போகலாமா? அப்போது அருள்புரத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர்களிடம் மெயிலிலேயே மல்லுக்கட்டி, சரக்கு அனுப்பும் தேதியைத் தள்ளி வாங்குவதில் எனக்கு நல்ல பெயர். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். "சொந்தக் கம்பெனியே இருக்குதுங்க. எதுக்கு வெளிய போவோணும்? நம்ம ஆபீசுலயே வந்து உக்காரட்டும்."

கேட்டவர்கள் மனம் குளிர்ந்து போனார்கள். நானும்தான்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில், அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பனியன் கம்பெனி. சமையலறையில் நின்றால் ஓவர்லாக் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். அவ்வளவு பக்கத்தில் இருந்த நாற்காலியில் போய் உட்கார எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. கம்பெனி பின்னால், வாசல் முன்னால். ஆனாலும் குறுக்கே நின்றது வாசல்தான்.

கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை வெறும் மண் தரை. விடிந்ததும் சாணித் தண்ணீர் தெளித்து, கூட்டி, கோலம் போட வேண்டும். போட்டு முடித்த கையோடு என் கணவரின் கார் அதன் மேலேயே ஏறி வெளியே போகும். பிறகு சாயப்பட்டறையிலிருந்து துணி ரோல்களை ஏற்றிக்கொண்டு டெம்போ வரும். முன்னால் வந்து, பின்னால் போய், வளைந்து திரும்பி, உழுதுவிட்டுப் போகும். வெயில் காலத்தில் புழுதி, மழைக்காலத்தில் சேறு. இரண்டுமே ஹாலுக்குள் மரியாதையாக நடந்து வரும். வாசலைக் கூட்டி, ஹாலைத் துடைத்து, மறுபடி வாசலைக் கூட்டி நிமிர்ந்தால் கம்பெனியில் பதினொரு மணி டீ போய்க்கொண்டிருக்கும். பதினொரு மணிக்கு வேலைக்கு வரும் மெர்ச்சண்டைசரை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார், புருஷனாக இருந்தாலும்.

"வாசலை மட்டும் ஒரு வழி பண்ணிட்டம்னா, நீ ஒம்பது மணிக்கே ஆபீசுல இருக்கலாம் அம்மணி" என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார். அவரிடம் உள்ள பிரச்சினையே அதுதான், எதையும் மனதாரச் சொல்லிவிடுவார்.

அப்படியாக, பராமரிப்பே தேவைப்படாத ஒரு தரையைத் தேடும் படலம் ஆரம்பித்தது. சிமெண்ட் போட்டால் வெடிக்கும் என்று தள்ளினார். முதலிபாளையத்துச் சொந்தக்காரர் ஒருவர் பளபளவென்று கிரானைட் பதித்து, முதல் மழையிலேயே அதில் வழுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்ததால் அதுவும் போயிற்று. கடைசியில் சிமெண்ட் கற்களை ஒன்றோடொன்று கோத்துப் பதிக்கும் பேவர் பிளாக்கில் வந்து நின்றது. ஊரில் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்த சமாச்சாரம்.

கல் விற்க வந்தவர் திருநெல்வேலிப் பக்கம். வாய்க்கு ஓய்வே கொடுக்காதவர். "ஒரு தடவ போட்டுட்டியன்னா உங்க பேரன் காலம் வரைக்கும் கை வைக்க வேண்டாம் அண்ணாச்சி. புல்லு மொளைக்காது, பாசி புடிக்காது, அழுக்கே ஒட்டாது." பொய்யை இவ்வளவு சரளமாக ஏற்றுமதித் துறையில்கூட நான் கேட்டதில்லை.

என் கணவர் சும்மா வாங்கிவிடுவாரா? என்னென்ன நிறம் என்று ஷேட் கார்டு கேட்டார். சாம்பிள் கேட்டார். வந்த கல்லை ஆபீஸ் மேஜையில் வைத்து, வெள்ளை பனியன் துணியால் காய்ந்தபடி ஒருமுறையும் நனைத்து ஒருமுறையும் அழுத்தித் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டார். எடுத்து உலர்த்தி, சுருங்கியிருக்கிறதா என்று டேப் வைத்து அளந்தாரா என்று கேட்காதீர்கள். அளந்தார்.

"அண்ணாச்சி, இது கல்லு" என்றார் விற்க வந்தவர், முதல்முறையாகக் குரல் இறங்கி.

"இருக்கட்டுமுங்க. பல்க் வரும்போது மாறக் கூடாது பாருங்க" என்று சொல்லி, சாம்பிள் கல்லில் அட்டை கட்டி, 'அப்ரூவ்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் வாழ்நாள் முழுக்க பையர்களிடம் பட்டதையெல்லாம் அந்த மனிதர் மேல் இறக்கி வைத்ததில் அவருக்கு ஒரு திருப்தி.

பல்க், அதாவது மொத்தக் கல்லும் வந்தது. மாறித்தான் வந்தது. ஒரே சாம்பல் நிறம் என்று பெயர்தானே தவிர, ஓர் அடுக்கு கருத்து, ஓர் அடுக்கு வெளுத்து, ஓர் அடுக்கு இரண்டுக்கும் நடுவில். விற்றவர் அசரவில்லை. "எல்லா அடுக்குலயும் மாத்தி மாத்தி எடுத்து, கலந்து போட்டிருவோம். வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது."

கலப்பதா? என் கணவரின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஒரு சட்டையின் உடம்பு, ஒரே தடவையில் சாயமேற்றிய ஒரு லாட் துணியிலும் கை இன்னொரு லாட் துணியிலும் வெட்டப்பட்டால், மொத்தச் சரக்கும் திரும்பி வரும். அதனால் கட்டிங் மேஜைக்குப் போகும் முன்பே ஷேட் பார்த்து லாட்டைப் பிரித்து அடுக்கிவிடுவோம். ஒன்றோடு ஒன்று கலக்கவே விடமாட்டோம். "கலக்கற வேலையெல்லாம் ஆகாதுங்க. லாட் லாட்டாப் பிரிச்சுப் போடுங்க" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அதுதான் கொடுமை.

"உங்க வாசல், உங்க இஷ்டம்" என்று விற்றவர் ஆட்களைக் கூப்பிட்டார்.

பிரித்தே போட்டார்கள். கேட் பக்கம் கருப்பு, நடுவில் சாம்பல், போர்ட்டிகோவை ஒட்டி வெளுப்பு. மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். பட்டை பட்டையாகக் கோடு போட்ட டி-ஷர்ட் ஒன்றை யாரோ காயப் போட்டது மாதிரி இருந்தது. வந்து போனவர்கள் எல்லாம் "டிசைனுங்களா?" என்று கேட்டார்கள். "ஆமாங்க" என்றார் என் கணவர், ஒரு நொடிகூடத் தயங்காமல்.

சரி, கோடு கிடக்கட்டும், வேலை மிச்சமாயிற்றா என்றால், அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். கோலப்பொடி இடுக்குகளில் இறங்கியது. அரிசி மாவாயிற்றே, எறும்பு வந்தது. எறும்பு இடுக்கு மணலையெல்லாம் வெளியே தள்ளிக் குவித்தது. மழை பெய்ததும் அதே இடுக்குகளில் புல் முளைத்தது, வரிசை பிசகாமல். வேரோடு பிடுங்கினால் கல் ஆடும் என்று அவர் உத்தரவு. ஆகவே கம்பெனியில் பிசிறு நூல் வெட்டும் சின்ன டிரிம்மரை எடுத்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு புல்லாக வெட்டினேன். டெம்போ ஆயில் சொட்டியதும் வேஸ்ட் துணியால் துடைத்தேன். போர்ட்டிகோ ஓரத்தில் பிடித்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். முன்பு பதினொரு மணிக்காவது நிமிர்வேன். பராமரிப்பே தேவைப்படாத தரை வந்தபின் பன்னிரண்டு ஆயிற்று. ஆபீஸ் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், யோசனையாகச் சொன்னார். "இந்த வாசலுக்குன்னு நிரந்தரமா ஒரு ஆளு வேணுமாட்ட இருக்குது." சொல்லிவிட்டு ரசம் கேட்டார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம்தான் இல்லையே, அந்த நிரந்தர ஆள் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ரசத்தை ஊற்றினேன்.

மறுநாள் காலை துடைப்பத்தைத் தொடவில்லை. குளித்து, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, மாமியார் முன்னால் போய் நின்றேன். அவர் என்ன சொன்னால் என்ன பதில் என்று வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். கல்யாணத்தின்போது கொடுத்த வாக்கு, படித்த படிப்பு, என் முழங்கால் வலி, எல்லாம்.

"அத்தை, நான் ஆபீசுக்குப் போறேனுங்க. வாசல் வேலை இனிமே எனக்கு ஆகாதுங்க."

அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "அதுக்கென்ன கண்ணு, போயிட்டு வா. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் தெளிச்சு உட்டாப் போச்சு."

தயார் செய்திருந்த பதில்களை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

ஆபீசில் அந்த நாற்காலி மேல் நூல் கோன் பெட்டி இருந்தது. இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். "வந்துட்டியா? நல்லதாப் போச்சு. இந்த மெயிலுக்குப் பதில் போடு" என்றார். அவ்வளவுதான் விழா.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகூட வாசலை யாரும் கூட்டவில்லை, தெளிக்கவில்லை. புல் கணுக்கால் உயரத்துக்கு வளர்ந்தது. ஆயில் கறை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாயிற்று. என்றைக்காவது யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு அதன் மேல் நடந்தார். வந்தவர்கள் நடந்தார்கள். டெம்போ போயிற்று, வந்தது. தையலில் ஒரு இழை நழுவினாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் என் கணவர், தினமும் அதே வாசல் வழியாகக் காரை எடுத்தார்.

மழை ஓய்ந்த ஒரு காலையில், பேன்ட்டின் கீழ் மடிப்பில் புல் விதை ஒட்டியிருக்க ஆபீசுக்குள் வந்து உட்கார்ந்தார். என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்க, வாசல் எப்படி இருக்குதுங்க?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "நல்லாத்தான இருக்குது. எப்பவும் போலத்தான் இருக்குது. ஏங் கேக்கற?"

நான் மெயிலுக்குத் திரும்பினேன். இத்தனை நாளும் அந்த வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்தி மட்டும்தான்.