சொல்லாமல் விட்ட கருப்புக் கோடு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளி இடைவேளை. ஸ்டாஃப் ரூமில் பாணும் பருப்பும். பக்கத்துக் கதிரையில் இருந்த நஸீமா டீச்சர் பாணைக் கடித்தாள்... கடித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

லேஞ்சியை எடுத்து வாயைப் பொத்தினாள். பிறகு அதை விரித்து எனக்கு மட்டும் காட்டினாள். நகம் போல மெல்லிய ஒரு வெள்ளை ஓடு. முன்பல்லின் வெனியர்.

"நோகுதா?" என்றேன்.

"இல்ல. அதுதான் பயமா இரிக்கி."

வெனியர் என்றால் தெரியாதவர்களுக்கு — உடைந்த பல்லின், நிறம் மாறிய பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் பீங்கான் தகடு. சிலருக்கு அது அலங்காரம். நஸீமாவுக்கு அப்படியில்லை. (பெயரை மாற்றியிருக்கிறேன். புதுப் பெயர் அவளே தேர்ந்தது.)

தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்ற, மன்னாரை விட்டு வள்ளத்தில் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. கற்பிட்டிக் கரையில் இறங்கும் அவசரத்தில் முகங்குப்புற விழுந்து, இரண்டு முன்பற்களும் பாதியாக உடைந்தன. அகதி முகாமில் பல்லைப் பற்றி யார் யோசிப்பது? இருபது வருடம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே சிரித்தாள். யுத்தம் முடிந்து, நிக்காஹ் நிச்சயமான பிறகுதான் கொழும்புக்குப் போய் இரண்டு பல்லுக்கும் வெனியர் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

அன்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். "வடிவாத்தான் இரிக்கி... கொஞ்சம் பெரிசோ?"

மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

இனி அவளுடைய பல்லைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். நல்ல முடிவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கண்டேன் — ஈறு ஓரத்தில் கருப்பாக ஒரு கோடு, மயிரிழை அளவு. பிறகு அது கொஞ்சம் தடித்தது. ஈறும் சிவந்தது. எங்கள் ஊர் நுரைச்சோலை வெயிலுக்கு நாங்களெல்லாம் ஐஸ் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் குடித்தால், அவள் மட்டும் ஐஸ் வேண்டாம் என்பாள். முறுக்கைக் கடைவாய்க்குக் கொண்டுபோய்க் கடிப்பாள். கிட்ட இருந்து கதைத்தால் மூச்சில் லேசாக ஒரு வாடை...

எல்லாம் கண்டேன். ஒன்றையும் சொல்லவில்லை. அவள் மனம் நோகும் என்றா? இல்லை, என்னோடு கோபித்துக்கொள்வாள் என்று. இரண்டும் ஒன்றல்ல. வேறு யார் சொல்வது? கணவர் கட்டாரில். வீடியோ கோலில் ஈறு தெரியுமா?

அன்று பள்ளி விட்டதும் புத்தளம் டவுனுக்குக் கூட்டிப்போனேன். பல் டொக்டர் ஓர் இளம் பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு ஈறு ஓரத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"டீச்சர், இந்தக் கருப்புக் கோடு எப்ப வந்த?"

"ரெண்டு வருசம் இரிக்கும். தேத்தண்ணிக் கறை எண்டு நினைச்சேன்."

"பீங்கானுக்கு ஒண்டும் ஆகாது டீச்சர். ஒட்டின ஓரந்தான் விட்டுப்போகும். அதுக்குள்ளால கிருமி போனா உள்ள பல்லு பழுதாகும். கோடு தெரிஞ்சாலோ, கூலா ஏதும் குடிக்கக் கூசினாலோ, ஈறு சிவந்தாலோ உடனே வரணும். அப்பவே வந்திருந்தா பழசக் கழட்டிட்டு வேற ஒட்டி அனுப்பியிருப்பேன்."

"இப்ப?"

"ஒண்டைக் காப்பாத்தலாம். மத்தது வேர் வரைக்கும் போயிட்டு. எடுக்கத்தான் வேணும்."

நஸீமா வெனியர் இருந்த லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஓட்டோவில் திரும்பினோம். பாலாவி தாண்டியதும் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"நீ முன்ன கண்டியா அந்தக் கோட்ட?"

"இல்லடி," என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"ம்... கண்டிருந்தா சொல்லியிருப்ப தானே."

அந்த வாரமே பல்லை எடுத்தார்கள். வள்ளத்தடியில் விழுந்தும் பாதியாவது மிஞ்சிய பல், நாங்கள் இரண்டு பேர் பார்த்திருக்க முழுதாகப் போனது.

அவள் மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவள். 'ஃபிஷ்' என்று சொல்லிக்கொடுக்க மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். பத்து நாள் லீவு போட்டாள். நான் அவளுக்குப் போன் எடுத்தால் மெசேஜில் பதில் வந்தது.

பதினோராவது நாள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் முந்தானையால் வாயை மூடியிருந்தாள். சின்ன வயதில் எப்படி நின்றிருப்பாள் என்று அப்போதுதான் கண்டேன். உட்காரக்கூட இல்லை, சொல்லிவிட்டேன்.

"நஸீமா, நான் பொய் சொன்னேன். அந்தக் கோட்ட ரெண்டு வருசமாக் கண்டேன்."

அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். எனக்கு முன்னால் வைத்தாள். முந்தானையை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"தெரியும். நீ கதைக்கக்குள்ள என்ட பல்லத்தான் பாப்ப. நானும் கண்ணாடியில பாத்துப் பாத்துப் பயந்துதான் இரிந்தேன். ஆனா நீ ஒண்டும் சொல்லல்ல. அப்ப பெரிசா ஒண்டுமில்ல எண்டு இரிந்துட்டேன்."

கோபித்திருந்தால் மூன்று நாளில் முடிந்திருக்கும்.