தூக்கி நிறுத்த முடிந்த வண்டி

யுத்தம் முடிந்த பிறகு சில காலம், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சேற்றில் நின்றுகொண்டு அடுத்தவர்களின் பூட்ஸைப் பார்ப்பது எனக்கு வேலையாக இருந்தது. சம்பளம் கிடையாது. நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீஸின் துரை ஒரு மோட்டார் சைக்கிள் கிளப்பில் அங்கத்தினர். "உனக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியும், வெயிலில் நிற்கவும் தெரியும்" என்று சொல்லி என்னை அழைத்துப்போனார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படிப்பு என்னை எங்கேயோ கொண்டுபோய் விடும் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அடையாற்றுச் சேற்றில் கொண்டுபோய் விடும் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள்.

அந்தக் கிளப்பில் நடத்தியதற்கு டிரயல் என்று பெயர். வேகப் பந்தயம் இல்லை. மணல், பாறை, மரவேர், ஓடை என்று கரடுமுரடான இடமாகப் பார்த்து இரண்டு பக்கமும் கயிறு கட்டிவிடுவார்கள். அதற்குள் வண்டியை மெதுவாக ஓட்டிப்போய் வெளியே வரவேண்டும். கால் தரையில் படக்கூடாது. பட்டால் மார்க் போச்சு. வண்டி நின்றேபோனால் இன்னும் அதிகம் போச்சு. கயிற்றோரம் நின்று, கால் பட்டதும் கத்துவதுதான் என் வேலை.

ஒருநாள் அப்படிக் கத்தினேன். ஓட்டிவந்த பட்டாளத்துக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, "மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தே பார்க்காதவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். அவர் கால் பட்டது நிச்சயம். அவர் சொன்னதும் நிஜம். மயிலாப்பூருக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீடு வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். தை மாதம் நடக்கப்போகும் டிரயலில் நான் கயிற்றுக்கு உள்ளே இருக்கவேண்டும். ஜெயிக்க வேண்டாம். ஒரே ஓர் இடத்தையாவது கால் படாமல் கடந்துவிட வேண்டும்.

அம்மா குளத்தங்கரையில் பூ விற்றுக்கொண்டிருந்தாள். ராத்திரி அவள் வீடு திரும்பியதும் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா போட்டிடா அது?"

"கடைசி வரைக்கும் கால் ஊனாம இருக்கணும்மா. அவன்தான் கெட்டிக்காரன்."

"அப்போ உன் மாமனை அனுப்பு. இத்தினி வயசாகியும் ஒரு எடத்துல கால் ஊனாம அவந்தான் சுத்திக்கினு கீறான்."

மூலையில் படுத்திருந்த மாமா போர்வைக்குள்ளிருந்தே, "வண்டிய வாங்கிக் குடுங்க, போறேன்" என்றார்.

அம்மா சிரித்துவிட்டு, "வாங்குறதுதான் வாங்குற, பெருசா வாங்கு. தெருவுல வந்தா நாலு பேருக்குத் தெரியணும்" என்றாள்.

எனக்கும் அதே ஆசைதான். ஜெயிக்கிறவர்கள் எல்லோரும் உயரமான, கனமான வண்டிகளில்தான் வந்தார்கள். அந்தச் சத்தம் வயிற்றுக்குள் கேட்கும். சாந்தோமில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த என் நண்பரை அழைத்துக்கொண்டு தியாகராய நகருக்குப் போனேன். யுத்தத்தில் தபால் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அலைந்தவர் அவர். பட்டாளம் கழித்துவிட்ட சாமான்களை டிஸ்போசல் என்று சொல்வோம். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு பாய் டிஸ்போசல் வண்டிகளை வாங்கிக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தார்.

பாய் நேராகப் பெரிய வண்டியிடம் அழைத்துப்போனார். "பாலைவனத்துல ஓடின வண்டி சார். பர்மாவுலயும் ஓடிச்சு."

"ரெண்டு எடத்துலயும் இதே வண்டியா பாய்?" என்றார் வாத்தியார்.

"வண்டி இதே. டயர்தான் வேற" என்று சொல்லிக்கொண்டே பாய் ஓர் உதை உதைத்தார். கொட்டகைக் கூரையிலிருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. எனக்கு மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

"ஏறி ஒரு ரவுண்டு போய்ட்டு வா சார்."

ஓட்டத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஏறி மட்டும் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் கட்டைவிரல்தான் தரையைத் தொட்டது. இன்னொரு பக்கம் அதுவும் இல்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தபோது, கயிற்றோரம் நின்று நான் பார்த்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. ஓட்டுகிறவர்களைவிட விழுந்தவர்களைத்தான் நான் பக்கத்தில் இருந்து அதிகம் பார்த்திருக்கிறேன். பழகினவர்களே விழுகிறார்கள். விழுந்த வண்டியைத் தூக்கித் தூக்கியே கை ஓய்ந்துபோய், அடுத்த இடத்தில் அதனாலேயே மறுபடி விழுகிறார்கள். பழகாத நான் எத்தனை தடவை விழுவேன்?

இறங்கி, "பாய், இதைத் தரையிலே படுக்க வைங்க. தூக்கிப் பார்க்கணும்" என்றேன்.

பாய் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், உங்க சிநேகிதர் வண்டி வாங்க வந்தாரா, எடை போட வந்தாரா?"

வாத்தியாருக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் இரண்டு பேருமாக ஒரு கோணியை விரித்து வண்டியைச் சாய்த்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாண்டில்பாரைப் பிடித்து இழுத்தேன். முன்சக்கரம் மட்டும் திரும்பியது. பின்பக்கம் போய்த் தூக்கினேன். முழங்கால் உயரம் வரை வந்து மறுபடி படுத்துக்கொண்டது. டாங்கி மூடி வழியாகப் பெட்ரோல் கோணியில் சொட்டியது. பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன் இருந்த காலம் அது. பாய் ஓடிவந்து ஒரே மூச்சில் வண்டியை நிமிர்த்தினார்.

கொட்டகை ஓரத்தில், இரும்புக் கூண்டு ஒன்றுக்குள் சின்ன வண்டி ஒன்று இருந்தது. "அது என்ன பாய்?"

"அதுவா? கூண்டோட பாராசூட்ல கட்டி ஏரோப்ளேன்லேருந்து கீழ போட்ற வண்டி சார். விழறதுக்குனே செஞ்சது."

"அப்போ அதை வெளியே எடுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, அதை வெளியே எடுத்ததும் மனசு சுருங்கிவிட்டது. சைக்கிளுக்குச் சீக்கு வந்து வீங்கினதுபோல இருந்தது. பச்சை பெயிண்டு. கியர் மாற்ற டாங்கி ஓரத்தில் ஒரு கம்பி. உதைத்தால் தையல் மிஷின் சத்தம், புகை வேறு. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றவேண்டுமாம். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்தன. நானே சாய்த்துப் படுக்க வைத்தேன். தூக்கினேன். வந்தது. மறு பக்கமும் சாய்த்துத் தூக்கினேன். மூச்சுக்கூட வாங்கவில்லை.

வாத்தியார் என்னைத் தனியாக அழைத்துப்போனார். "நல்லா யோசிச்சுக்கோப்பா. ஜெயிக்கிறவன் எல்லாம் பெரிய வண்டியிலதான் வர்றான். இதுல நீ வந்து நின்னா, பால்காரன் வழி தப்பி வந்துட்டான்னு நினைப்பாங்க."

"ஜெயிக்கிறவங்களுக்கு ஓட்டத் தெரியும், வாத்தியாரே."

தள்ளி நின்றிருந்த பாய்க்கு அது கேட்டுவிட்டது. "அரே! ஓட்டவே தெரியாதா?" என்று வாயைப் பொத்திக்கொண்டார். தெரியாது என்று தலையாட்டினேன். பெரிய வண்டியை இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு அதன் பக்கம் திரும்பாமல் சின்னதையே பேசி முடித்தேன். "நல்லா விழு சார், அதுக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லி பாய் வழியனுப்பினார். வாத்தியார் ஓட்டிவருகிறேன் என்றார். நான் விடவில்லை. மயிலாப்பூர் வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கார மாமி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏண்டாப்பா, இதை ஆத்துக்குள்ள ஏத்தப்போறியா? எண்ணெய் நாத்தம் தாங்கலையே" என்றாள். அம்மா வண்டியைச் சுற்றிவந்தாள்.

"இன்னாடா, ஆட்டுக்குட்டியாட்டம் கீது?" அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்கு ஏமாற்றம்தான். எனக்கும்தான்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் கோட்டூர்ப் பக்கம் ஆற்று மணலுக்குப் போனேன். வாத்தியார் கூடவந்து கிளச்சைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். முதல் கியரைப் போட்டுவிட்டு அந்தக் கம்பியை மறந்துவிடு என்றார். நான் விழுந்தேன். மணலில் விழுந்தேன், வேரில் விழுந்தேன், ஒன்றுமில்லாத இடத்திலும் விழுந்தேன். ஆற்றில் துணி துவைக்கிறவர்களில் ஓர் அம்மாள், "இன்னா சார், டெய்லி வந்து விழுந்துட்டுப் போற? வூட்டுல எடம் இல்லியா?" என்பாள். ஆனால் விழுந்தவுடனே எழுந்து, வண்டியைத் தூக்கி, அதே இடத்தில் மறுபடி போகமுடிந்தது. வாத்தியார் பெரிய வண்டி ஓட்டப் பழகியபோது ஒரு காலையில் மூன்று தடவை விழுந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவாராம். எனக்கு எண்ணிக்கையே இல்லை. தை மாதம் பிறப்பதற்குள், நடக்கிறவன் வேகத்தில், கண்ணை முன்சக்கரத்திலிருந்து எடுத்துத் தூரத்தில் வைத்து ஓட்ட வந்துவிட்டது.

டிரயல் அன்று கயிற்றோரம் என் இடத்தில் வாத்தியாரை நிறுத்தினார்கள். என் வண்டியைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். பட்டாளத்துக்காரர் சிரிக்கவில்லை, பார்க்கவும் இல்லை. முதல் இடம் ஈர மணல். என்ஜினுக்குச் சக்தி போதாமல் நடுவிலேயே நின்றுவிட்டேன். பாறையில் இரண்டு காலும் பட்டன. மூன்றாவதில் விழுந்தேன். மீதி இருந்தது ஆற்றங்கரைச் சரிவு ஒன்றுதான். செங்குத்தாக இறங்கி, வேர்களுக்கிடையே வளைந்து, தண்ணீரோரமாக வெளியே வரவேண்டும். எனக்கு முன்னால் போன பெரிய வண்டிகள் தங்கள் கனத்தினாலேயே சறுக்கின. காலை ஊன்றித்தான் நிறுத்தினார்கள்.

நான் இறங்கினேன். வண்டி நின்றுவிட்டதோ என்று எனக்கே தோன்றும்படி அவ்வளவு மெதுவாக இறங்கியது. வேரில் முன்சக்கரம் ஏறி இறங்கியது, உடம்பு ஒரு பக்கம் போயிற்று, கால் தானாக விலகியது. தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது வண்டி நிமிர்ந்துகொண்டது. வாத்தியார் குனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டு கூடவே நடந்துவந்தார். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவருக்குப் பயப்படுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஏன் என்று அப்போது தெரிந்தது. கயிறு முடிந்தது.

"படல" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"கால் படலப்பா. முழு மார்க்கு."

"இன்னொரு தரம் சொல்லுங்க, வாத்தியாரே."

"அட போப்பா, பின்னாடி வண்டி வருது."