புல்தரையில் பஞ்சு பொறுக்கியது

வீரபாண்டி பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கட்டிங் மேசைக்கடியில் விழும் துணித் துண்டுகளையும் பஞ்சையும் மூட்டை கட்டி, ஆபீசுக்கு முன்னால் இருக்கிற புல்தரையை ஒட்டித் தூக்கிப் போய் குடோனில் போட வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

மழைக்காலத்தில் அந்தப் புல் வட்டவட்டமாக வைக்கோல் நிறத்துக்கு மாறியது. காலையில் பார்த்தால் வட்டங்களின் மேல் நூல் நூலாக வெள்ளை படிந்திருக்கும். இந்த ஊரில் வெள்ளையாக எது கிடந்தாலும் பஞ்சுதான். மேனேஜர் என் மூட்டையைப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, மூட்டை வாயைக் கட்டவே மாட்டீங்களா? உங்க பஞ்சு மூடித்தானுங்க புல்லு சாகுது. உக்காந்து பொறுக்குங்க."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஷிஃப்டுக்கு ஆட்கள் வரும் நேரம். "சரிங்க, இனிமே பாத்துப் போறனுங்க" என்று சொல்லிக் குந்தினேன். தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருக்கும் என் மகள் தோழிகளோடு வந்தாள்.

"உங்கம்மா புல்லுக்குப் பேன் பாக்குறாங்கடி" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெயில் ஏறியதும் வெள்ளை மறைந்தது. நான் பொறுக்கியதால் போனது என்றார்கள். மறுநாள் திரும்ப வந்தது. மறுநாளும் குந்தினேன்.

வட்டங்கள் பெருகிய பிறகுதான் உரக்கடைக்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் ஒரு இலையைக் கிள்ளி, நடுவில் வெளுத்து ஓரம் பழுத்த புள்ளியைக் காட்டினார்.

"பஞ்சு இல்லீங்க, பூசணம். சாயந்தரம் தண்ணி விட்டா ராத்திரி பூரா ஈரம் நிக்குமுங்க. யூரியா வேற அள்ளிப் போட்டிருக்கீங்க. ஈரத்துல யாருங்க இதைக் கிளறுனது? அதுலதான் இப்படிப் பரவியிருக்குது."

மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை. காய்ந்த புல்லை வாரி எடுத்துவிட்டு மருந்து தெளித்தார்கள். தண்ணீரை விடிகாலைக்கு மாற்றினார்கள். யூரியாவை நிறுத்தினார்கள். புல் மெல்லத் துளிர்த்தது.

"அது எம் பஞ்சு இல்லைன்னு செக்கிங்ல ஒரு வார்த்தை சொல்லீருங்க" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"அதான் புல்லு தேறிருச்சுங்களே அக்கா, விடுங்க."

அன்று ராத்திரி சாப்பிடும்போது மகளிடம் நானே சொன்னேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"அப்பறம் என்னத்துக்கும்மா அவருகிட்டச் சரிங்கன்னு சொன்னே?"

ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.